அட்டையில் வந்த வசனம் வீசா ஆகுமா?

வாசகர் கேள்வி – பதில்

"இது ஆண்டவர் சொன்னதா, நானே நினைத்துக்கொண்டதா?" என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இம்மாதம் பதில் தருகிறோம்.

கேள்வி: புத்தாண்டு ஆராதனையில் என் கணவர் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் "என் சமுகம் உனக்கு முன்பாகச் செல்லும், நான் உனக்கு இளைப்பாறுதல் தருவேன்" (யாத்திராகமம் 33:14) என்று வந்தது. அதே வாரத்தில் ஒரு ஏஜென்ட் கத்தாரில் வேலை இருப்பதாகச் சொல்லி ஒன்றரை லட்சம் கேட்கிறார். "வசனமே வந்துவிட்டது, நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாம்" என்கிறார் கணவர். என்ன செய்வது?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அட்டையைக் குறை சொல்ல மாட்டோம். ஒரு வசனத்தை ஆண்டு முழுவதும் மனதில் போட்டுவைப்பது நல்ல பழக்கம். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொராவிய சபையார் 1728 முதல் நாளுக்கொரு வசனம் கொடுத்து, 1731 முதல் அதை அச்சிட்டும் வருகிறார்கள். அந்த வசனங்களை இன்றும் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். ஒரு காலத்தில் கல்யாணம் முடிவுசெய்யவும் அவர்கள் சீட்டுப் போட்டதுண்டு. 19ஆம் நூற்றாண்டில் கல்யாணச் சீட்டைக் கைவிட்டார்கள், தினவசனத்தை விடவில்லை. தியானிக்க ஒரு வசனம் எடுப்பது வேறு, தீர்மானிக்கச் சீட்டு எடுப்பது வேறு என்பது அவர்களுக்கு அனுபவத்தில் புரிந்த பாடம்.

"அகுஸ்தீனுக்கு அப்படித்தானே நடந்தது?" என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். பிற்காலத்தில் ஆயராகப் பேர்பெற்ற அகுஸ்தீன், கி.பி. 386-ல் மிலான் தோட்டத்தில் "எடுத்துப் படி" என்ற குரல் கேட்டுப் புத்தகத்தைத் திறந்தார். ரோமர் 13:13, 14 கண்ணில் பட்டது. அந்த வசனம் அவரைப் பாவத்தை விடச் சொன்னது, எந்த ஊரில் வேலை பார்ப்பது என்று சொல்லவில்லை. அதே அகுஸ்தீன்தான் பின்னாளில், சுவிசேஷப் பக்கங்களைக் குறி பார்ப்பதுபோலத் திறந்து உலகக் காரியங்களுக்குப் பதில் தேடும் வழக்கம் தமக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு கடிதத்தில் எழுதினார்.

இன்னொன்று. அட்டைப் பெட்டியில் இனிப்பான வசனங்கள்தான் இருக்கும். "உங்களுடைய எல்லா அக்கிரமங்களினிமித்தமும் உங்களைத் தண்டிப்பேன்" (ஆமோஸ் 3:2) என்ற அட்டை யாருக்காவது வந்ததுண்டா? அச்சடித்தால்தானே வரும்!

இருவருமாக உட்கார்ந்து யாத்திராகமம் 33-ஐ முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியை வணங்கிய விவகாரத்துக்குப் பின், உங்கள் நடுவே வரமாட்டேன் என்கிறார் கர்த்தர். மோசே விடாமல் மன்றாடுகிறார். அதற்குக் கிடைத்த பதில்தான் 14ஆம் வசனம். அதைக் கேட்டவுடன் மோசே மூட்டை கட்டவில்லை. உம்முடைய சமுகம் கூட வராவிட்டால் எங்களை இங்கிருந்து கொண்டுபோகாதிரும் என்கிறார் (33:15). அட்டையில் அச்சாகாத அந்த அடுத்த வசனம், "கிளம்பு" என்பதைவிட "பொறு" என்பதற்கே நெருக்கம்.

இனி ஏஜென்ட். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவருடைய பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவுபெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ஒன்றரை லட்சம் கேட்கிறார் என்பதே உங்களுக்கு வந்திருக்கும் ஒரு செய்தி. சம்பளம், வேலை நேரம், தங்குமிடம் எழுதிய ஒப்பந்தம் கைக்கு வராமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். "விசிட் வீசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்றால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுங்கள். இதையெல்லாம் விசாரிப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னவர் யார் என்று லூக்கா 14:28-ஐக் காட்டுங்கள்.

கேள்வி: ஜெபித்துவிட்டு அமைதியாக உட்கார்ந்தால் கேஸ் புக் செய்யவில்லையே, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவில்லையே என்றுதான் ஓடுகிறது. நடுவில் வரும் ஒரு நல்ல எண்ணம் ஆண்டவருடையதா என்று எப்படிக் கண்டுகொள்வது?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: ஆண்டவர் கூப்பிட்டதைச் சிறுவன் சாமுவேலே மூன்று முறை தவறாக எடுத்துக்கொண்டான், ஆசாரியன் ஏலி கூப்பிடுகிறார் என்று எழுந்து ஓடினான் (1 சாமுவேல் 3). ஆண்டவருடைய குரல் பழகிய ஒரு குரலைப்போலவே கேட்கும் என்பதும், பிரித்தறிய இன்னொருவர் துணை வேண்டியிருந்தது என்பதும் அந்த அதிகாரத்திலேயே இருக்கின்றன.

நாளுக்கு 25 நிமிடம் ஒதுக்குங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். ஆறிலிருந்து பத்து வசனம் கொண்ட ஒரு பகுதியை வாய்விட்டு, மெதுவாக, இரண்டு முறை வாசியுங்கள். எந்தச் சொல் உங்களை நிறுத்துகிறதோ அங்கேயே நில்லுங்கள். அன்றைக்கு மூன்று அதிகாரம் முடிக்க வேண்டும் என்ற கணக்கு வேண்டாம். அந்தச் சொல்லை வைத்தே ஜெபியுங்கள். கடைசி ஐந்து நிமிடம் ஒன்றும் கேட்காமல் இருங்கள். கேஸ் நினைவு வந்தால் பக்கத்தில் ஒரு துண்டுத் தாளில் "கேஸ்" என்று எழுதிவிட்டுத் திரும்பி வாருங்கள். அதை விரட்டிக்கொண்டிருந்தால் அந்த ஐந்து நிமிடமும் அதற்கே போய்விடும். முடிந்ததும் நோட்டில் தேதி, வசனம், மனதில் வந்தது என்ன என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள். அன்று தூங்கினீர்களா, வீட்டில் சண்டையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது முக்கியம். தூக்கமில்லாத மூன்று நாளின் முடிவில் வரும் "வெளிப்பாடு" பெரும்பாலும் களைப்பின் பேச்சு.

எண்ணம் வந்த நொடியை வைத்து எடை போடாதீர்கள், அது விட்டுப்போகும் ருசியைக் கவனியுங்கள். 1521-ல் பாம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டு காலை முறித்துப் படுக்கையில் கிடந்த, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் கண்டுகொண்டது இதைத்தான். வீரதீரக் கனவும் இனித்தது, பரிசுத்தவான்களைப்போல வாழும் கனவும் இனித்தது. ஆனால் முதலாவது ஓய்ந்தபின் வறட்சி. இரண்டாவது ஓய்ந்தபின்னும் சந்தோஷம். ஆண்டவரை நோக்கி நடக்கிறவருக்கு நல்ல ஆவியின் ஏவுதல் பஞ்சில் சொட்டும் நீர்போல இறங்கும், தீயது கல்லில் விழுந்த நீர்போலத் தெறிக்கும் என்று அவர் எழுதிவைத்தார். மனம் இருண்டிருக்கும் நாளில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பதும் அவர் விதி. இந்த ஒன்றைக் கைக்கொண்டாலே பாதித் தொல்லை குறையும்.

குற்றம் சாட்டும் குரலையும் உணர்த்தும் குரலையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். "நீ எதற்குமே லாயக்கில்லை" என்பது பொதுவாகப் பேசும், வெளியேற வழி காட்டாது. "நேற்று நாத்தனாரிடம் சொன்ன அந்த வார்த்தை தப்பு, போய்ப் பேசு" என்பது குறிப்பாகப் பேசும், அடுத்த வேலையையும் கையில் கொடுக்கும்.

கேள்வி: ஜெபக்கூட்டத்தில் ஒரு ஊழியர் அம்மாவிடம் "சர்க்கரை நோயைக் கர்த்தர் எடுத்துவிட்டார், இன்சுலினை நிறுத்து" என்று தீர்க்கதரிசனம் சொன்னார். அம்மா நேற்று முதல் ஊசி போடவில்லை.
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: தம்பி, இதை வாசித்தவுடன் அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்; மீதியைத் திரும்பி வந்து படியுங்கள். இன்சுலினை நம்பியிருக்கும் உடம்பில் அதைத் திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

சுகமானது உண்மையென்றால் பரிசோதனையில் தெரியும்; அப்போது மருத்துவரே அளவைக் குறைப்பார். இயேசு தாம் சுகமாக்கிய குஷ்டரோகியையே, போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்று அனுப்பினார் (மாற்கு 1:44). சோதித்துப் பார்க்கச் சம்மதிக்காத சுகம் அவர் கொடுத்த மாதிரியில் இல்லை.

தீர்க்கதரிசனம் சொன்னால் "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்" என்கிறது 1 கொரிந்தியர் 14:29. அந்த ஊழியர் உங்கள் போதகர் முன்னிலையில் இதையே சொல்வாரா என்று கேளுங்கள். 1 இராஜாக்கள் 13-ல், தூதன் சொன்னான் என்று கிழவனான தீர்க்கதரிசி பொய் சொல்ல, அதை நம்பி வழி மாறிய தேவமனுஷனைச் சிங்கம் கொன்றது. பொய் சொன்னவர் வீட்டில் பத்திரமாக இருந்தார் என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: "மூன்று நாளில் போன் வந்தால் இந்த வரன்" என்று கிதியோனைப்போல அடையாளம் கேட்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கிதியோனுக்குச் செய்ய வேண்டியது ஏற்கெனவே தெரியும், பனி விழுகிறதா என்று அடையாளத்துக்குத் தோலைப் போட்டது தயக்கத்தால். "கோபம் மூளாதிருப்பதாக" என்று அவரே கெஞ்சிக்கொண்டுதான் இரண்டாம் முறை கேட்கிறார் (நியாயாதிபதிகள் 6:39). போன் மூன்றாம் நாள் வராமல் நான்காம் நாள் வந்தால் என்ன செய்வீர்கள்? அந்த மூன்று நாளில் மாப்பிள்ளை குடிக்கிறாரா, கடன் உண்டா, உங்கள் வேலையைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று விசாரியுங்கள்.

கேள்வி: உபவாசித்து ஜெபித்துத்தான் கடை வைத்தேன். எட்டு மாதத்தில் நஷ்டம். ஆண்டவர் சொன்னதைத் தவறாகக் கேட்டுவிட்டேனா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: நஷ்டத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. மக்கெதோனியாவுக்கு வா என்ற தரிசனத்தைப் பவுல் சரியாகத்தான் கேட்டார். போன இடத்தில் ஆற்றங்கரையில் சில பெண்கள்தான் இருந்தார்கள். பிறகு அடியும், சிறையில் காலைப் பூட்டும் தொழுமரமும் கிடைத்தன (அப்போஸ்தலர் 16). ஆசியாவில் (இன்றைய துருக்கியின் மேற்கே இருந்த ரோம மாகாணம்) பேச வேண்டாம் என்று தடுக்கப்பட்டு வந்தவருக்கு மக்கெதோனியாவின் பிலிப்பியில் முதலில் செவிகொடுத்த லீதியாள், ஆசியாவின் தியத்தீராவைச் சேர்ந்தவள். இதைப் பவுல் முன்கூட்டி அறிந்திருக்க வழியில்லை.

ஆனால் கணக்கைப் பார்க்காமல் பவுலைத் துணைக்கு அழைக்காதீர்கள். விற்பனையில் எவ்வளவு வாடகைக்குப் போகிறது, கடன் நோட்டில் எவ்வளவு நிற்கிறது, எந்தச் சரக்கு நகரவே இல்லை என்று மூன்று தாளில் எழுதுங்கள். அதைச் சபையில் வியாபாரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள், உங்களுக்குப் பிடித்த பதிலையே சொல்கிறவரிடம் வேண்டாம். இன்னும் எத்தனை மாதம், எவ்வளவு பணம் வரை தாங்குவது என்று வீட்டாரோடு பேசி ஒரு தேதி குறியுங்கள். அந்தத் தேதி வருமுன் புதிதாக வட்டிக்கு வாங்காதீர்கள்.