பாக்ஸில் இருக்கும் பதிவு லேப்டாப்புக்கு வருமா?

கேள்வி: டிவி நடன நிகழ்ச்சியில் என் மகள் ஆடியதை டிடிஹெச் பாக்ஸில் செருகிய ஹார்ட் டிஸ்கில் பதிவு செய்திருக்கிறேன். லேப்டாப்பில் செருகினால் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்கிறது. அடுத்த வாரம் பாக்ஸை மாற்றப்போகிறார்கள். பதிவை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: ஃபார்மட் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். டிஸ்க் கெட்டுப்போகவில்லை. பாக்ஸ்களில் பெரும்பாலும் லினக்ஸ்தான் ஓடுகிறது. அது அமைத்த டிஸ்கை விண்டோஸால் படிக்க முடியாது. லினக்ஸ் கணினியில் ஃபைல் தெரிந்தாலும் படம் ஓடாது. டிடிஹெச் பதிவுகளைப் பூட்டித்தான் சேமிப்பார்கள். சாவி உங்கள் பாக்ஸில் இருக்கிறது. அதே மாடலில் புதுப் பாக்ஸ் வந்தாலும் திறக்காது. அதனால் பழையதைத் திருப்பிக் கொடுப்பதற்குள் வேலையை முடித்துவிடுங்கள். அதுவரை ரீசார்ஜும் தீரக் கூடாது.

பாக்ஸில் ஓடவிட்டு லேப்டாப்பில் பிடிப்பதுதான் வழி. ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஹெச்டிஎம்ஐ கேப்சர் கார்டு வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். ஹெச்டிசிபி என்ற காப்புமுறை இருப்பதால் திரை கருப்பாகவே இருக்கும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை பின்கள் உள்ள ஏவி கேபிளும், அதை யூஎஸ்பியாக மாற்றும் கேப்சர் கருவியும் போதும். படம் ஹெச்டி தரத்தில் வராது, ஆனால் கைக்கு வரும்.

பாக்ஸில் ஏவி அவுட் சின்ன ஜாக்காக இருந்தால் அதற்குரிய கேபிள்தான் வேண்டும். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வயர் வரிசை மாறும். படம் வராமல் ஸ்பீக்கரில் ‘கர்ர்ர்’ என்று இரைந்தால், படத்தின் சிக்னல் ஒலிப் பின்னில் போகிறது என்று அர்த்தம். சிவப்பையோ வெள்ளையையோ மஞ்சள் துளையில் மாற்றிச் செருகிப் பாருங்கள்.

லேப்டாப்பில் இலவச மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டுடியோவை நிறுவி, வீடியோ கேப்சர் டிவைஸாக அந்தக் கருவியைத் தேர்ந்தெடுங்கள். அளவு 720 x 576, நொடிக்கு 25 ஃபிரேம், முறை ‘பால்’ (PAL, நம் நாட்டு டிவி சிக்னல் முறை). அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் (NTSC) இருந்தால் படம் கருப்பு வெள்ளையாக வரும் அல்லது உருளும். ஒலிக்கு ஆடியோ இன்புட் கேப்சரைத் தனியே சேர்க்க வேண்டியிருக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பிட்ரேட்டை (நொடிக்குச் சேமிக்கும் டேட்டா அளவு) 2,500 கேபிபிஎஸ் வைத்தால் மணிக்குச் சுமார் 1.2 ஜிபி ஆகும். எம்கேவி வடிவத்தில் சேமியுங்கள். நடுவில் கணினி நின்றுபோனாலும் அதுவரை பிடித்தது தப்பும். பிறகு ‘ரீமக்ஸ்’ கொடுத்து எம்பி4 ஆக்கலாம், தரம் குறையாது.

முழுசாகப் பிடிப்பதற்கு முன் இரண்டு நிமிடம் பதிவு செய்து, ஹெட்போனில் கேளுங்கள். ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் இருந்தால் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். லேப்டாப்பின் ஸ்லீப்பையும் பாக்ஸின் ஆட்டோ ஸ்டாண்ட்பையையும் அணைத்துவிடுங்கள். ஆடும்போது கை, கால் ஓரங்களில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால், ஓபிஎஸ்ஸில் அந்த வீடியோவை ரைட் கிளிக் செய்து டீஇன்டர்லேசிங்கில் ‘யாடிஃப்’ கொடுங்கள்.

வீட்டில் பார்க்க இது போதும். யூடியூபில் ஏற்றினால் டிவி சேனல் உரிமை கோரக்கூடும்.