கூட்டணியால் யாருக்கு லாபம்?

கேள்வி: ஹார்டு டிஸ்க்கில் மைக்ரோவேவ் அலையின் உதவியோடு தகவலை இன்னும் நெருக்கமாக எழுதும் தொழில்நுட்பத்துக்காக டோஷிபாவோடு டிடிகே, டிஸ்க் தட்டு செய்யும் ஷோவா டென்கோ நிறுவனங்கள் கைகோத்தனவே, அதனால் உதிரிபாகம் செய்யும் டிடிகேவுக்கு என்ன லாபம்?

பதில்: லாபம் உண்டு, ஆனால் கூடவே ஒரு சிக்கலும் உண்டு. டிஸ்க்கின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத துண்டு ஒன்று பறந்துகொண்டே எழுதுகிறது பாருங்கள், அந்த ஹெட்டைத்தான் டிடிகே செய்கிறது. ஹார்டு டிஸ்க் செய்யும் மற்ற இரண்டு பெரிய கம்பெனிகளான சீகேட்டும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் தங்களுக்கு வேண்டிய ஹெட்டைப் பெரும்பாலும் தாங்களே செய்துகொள்வதால், வெளியில் வாங்குகிற பெரிய கம்பெனி என்றால் அது டோஷிபாதான். 2021 டிசம்பரில் மூவரும் சேர்ந்து சோதனை முடிவைச் சொன்னபோது, மைக்ரோவேவை உண்டாக்கும் நுண்பாகம் அந்த ஹெட்டின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தது. அதாவது டிடிகே தன் வாடிக்கையாளரின் வடிவமைப்புக்குள்ளேயே போய்விட்டது. நாளைக்கு வேறு சப்ளையரைத் தேடுவது டோஷிபாவுக்கு லேசில்லை.

சரி, சிக்கல் எங்கே? ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பியிருப்பதில். 2024 மே மாதம் டோஷிபா மைக்ரோவேவ் முறையில் 31 டெராபைட் கொள்ளளவும், லேசரால் சூடாக்கி எழுதும் முறையில் 32 டெராபைட் கொள்ளளவும் எட்டிக் காட்டியது. லேசர் பக்கம் சாய்ந்தால் ஹெட்டையே வேறு மாதிரி செய்ய வேண்டும், செலவும் புதிதாகத் தொடங்கும். என்னைக் கேட்டால், இரண்டு முறையிலும் கைவைத்திருக்கும் சப்ளையர்தான் நிம்மதியாகத் தூங்குவார்.