தோட்டச் சபை ஏன் சுருங்குகிறது? எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் சபைச் செயலாளராக இருக்கிறேன். ஒரு காலத்தில் அறுபது குடும்பங்கள் இருந்த எங்கள் சபையில் இப்போது இருபதுகூட இல்லை. போதகர் மாதத்தில் இரண்டு ஞாயிறுகள்தான் வருகிறார். இளைஞர்கள் கொழும்புக்குப் போய்விடுகிறார்கள். சில குடும்பங்கள் நகரத்து ஜெப வீட்டுக்குப் போகின்றன. கீபோர்டும் ஒலிபெருக்கியும் வாங்கி ஆராதனையைப் புதிதாக்கினால் சபை வளரும் என்று கமிட்டியில் சொல்கிறார்கள். உங்கள் ஆலோசனை என்ன?

பதில்: அன்புள்ள சகோதரருக்கு, கீபோர்டு வாங்குவதை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். முதலில் சபைப் பதிவேட்டை எடுத்து, கடந்த இருபது ஆண்டுகளில் வராமற்போன ஒவ்வொருவரின் பெயருக்கு எதிரேயும் அவர் எங்கே போனார் என்று எழுதுங்கள். இறந்தவர்கள், வேலைக்காகக் கொழும்புக்கோ மத்திய கிழக்குக்கோ போனவர்கள், வேறு சபையில் சேர்ந்தவர்கள், லயத்திலேயே, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலேயே, இருந்துகொண்டு எந்த ஆலயத்துக்கும் போகாதவர்கள் என்று அந்தப் பெயர்கள் பிரியும். இவர்கள் விலகியதற்கான காரணங்கள் வேறுவேறானவை. ஆகவே ஒரே பரிகாரம் எல்லோருக்கும் பொருந்தாது.

உங்கள் தலைமுறைக்கு முன்பே தொடங்கிய இழப்பைச் சபையின் ஆவிக்குரிய தோல்வியாக எண்ணி வருந்த வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த மலையக மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் பெயர்க்கப்பட்டபோது சபைகளும் அவர்களோடு பெயர்ந்தன. எந்தப் பிரசங்கமும் அதைத் தடுத்திருக்க முடியாது.

ஆனால் வரலாறு விட்டுச்சென்ற இன்னொரு பழக்கம் இன்றும் சபைகளை நலிவிக்கிறது. 1854ஆம் ஆண்டு கோப்பித் தோட்ட உரிமையாளர்களின் ஆதரவுடன் தொடங்கிய அங்கிலிக்கன் திருச்சபையின் தமிழ்க் கூலி மிஷன், திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்களை (வேதம் கற்பிக்கும் ஊழியர்களை) கொண்டு தோட்டந்தோட்டமாக ஊழியம் செய்தது. பணம் துரைமார் தந்தது, போதனை வெளியிலிருந்து வந்தவர் தந்தது என்ற அமைப்பில் வளர்ந்த சபை, தன் சொந்தக் காலில் நிற்கக் கற்றுக்கொள்ள வாய்ப்புக் குறைவாகவே இருந்தது. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசிடம் சென்று, பழைய துரைமாரும் போய்விட்டார்கள். யாராவது வந்து நடத்துவார் என்ற எதிர்பார்ப்போ பல சபைகளில் அப்படியே இருக்கிறது. போதகர் வராத இரண்டு ஞாயிறுகளில் உங்கள் ஆலயத்தில் என்ன நடக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கதவு பூட்டியிருக்குமானால், நீங்கள் முதலில் சரிசெய்ய வேண்டியது அதுதான். வேதம் வாசித்து, ஜெபித்து, ஒரு சிறு செய்தி தரக்கூடிய நான்கைந்து பேர் உங்களிடம் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுள் இருவராவது பெண்களாக இருக்கட்டும். கொழுந்து பறிக்கும் பெண்களே பெரும்பாலும் ஆலயத்தை நிரப்புகிறார்கள். பொறுப்புகள் மட்டும் ஆண்களிடம் தங்கிவிடுவது எனக்கு நீண்டகாலமாக மனவருத்தம் தரும் விஷயம்.

அடுத்து, லயத்திலேயே இருந்தும் வராதவர்கள். ஞாயிறு காலையில் கைக்காசுக்கு, அதாவது பறித்த அளவுக்குக் கிடைக்கும் பணத்துக்கு, கொழுந்து பறிக்கப் போகும் தாய், விசுவாசத்தில் குறைந்தவர் அல்லர். அந்தப் பணத்தில்தான் பிள்ளையின் பாடசாலைச் செலவு நடக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கோ அதே நேரத்தில் ஹட்டனில் டியூஷன் வகுப்பு. இவர்களைக் கண்டிப்பதைவிட, மாதத்தில் இரண்டு ஆராதனைகளையாவது ஞாயிறு மாலைக்கு மாற்றிப் பாருங்கள். வார நாள் மாலைகளில் ஆலய மண்டபத்தைப் பிள்ளைகள் படிக்கத் திறந்துவிடுங்கள். லயத்து அறைகளில் ஓர் அமைதியான மூலை கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஜெப வீட்டுக்குப் போனவர்களைப் பற்றிக் கமிட்டியில் கசப்பாகப் பேச வேண்டாம். அவர்களை வீட்டில் போய்ப் பார்த்து, ஏன் போனீர்கள் என்று பொறுமையாகக் கேளுங்கள். இசை பிடித்திருந்தது என்று சிலர் சொல்லலாம். ஆனால் இத்தகைய உரையாடல்களில் நான் அதிகம் கேட்டது வேறு: பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதும், கணவரின் குடியால் வீடு குலைந்தபோதும் அங்கிருந்து ஆள் வந்தது, இங்கிருந்து வரவில்லை. ஆகவே நோயாளி வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் யார் போவது என்பதை டிவிஷன் (தோட்டப் பிரிவு) வாரியாகப் பிரித்து, பெயரோடு எழுதி வையுங்கள். கமிட்டியைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று குடும்பங்களோ ஒரே சாதியினரோ பொறுப்புகளைக் கைமாற்றிக்கொண்டிருக்கும் சபையில் மற்றவர்கள் சண்டை போடமாட்டார்கள். சத்தமில்லாமல் வேறிடம் போய்விடுவார்கள்.

கொழும்பில் வேலைசெய்யும் இளைஞர்களைத் தொலைந்தவர்களாகக் கணக்கிடாதீர்கள். அவர்களுடைய தொலைபேசி எண்களைத் திரட்டி, அவர்கள் தங்கியிருக்கும் பகுதிக்கு அருகிலுள்ள தமிழ் ஆராதனைக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்புங்கள். நத்தாருக்கு வரும்போது அவர்களிடம் காணிக்கை எதிர்பார்ப்பதோடு நில்லாமல், ஆராதனையை நடத்தவும் விடுங்கள்.

சபை வளர்வதை மிஷன் ஆய்வாளர்கள் மூன்று வகையாகப் பார்ப்பார்கள்: உறுப்பினரின் பிள்ளைகளால் வளர்வது, வேறு சபையிலிருந்து வருவோரால் வளர்வது, புதிதாக விசுவாசத்துக்கு வருவோரால் வளர்வது. மக்கள் வெளியேறிக்கொண்டிருக்கும் தோட்டத்தில் முதல் வகை தானாகவே குறையும். இரண்டாவது வகை, அயல் சபையின் இழப்பு. மூன்றாவது வகையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உங்கள் அயலவர் பெரும்பாலும் இந்துக்கள், பலர் உங்கள் உறவினர்கள். உலர் உணவுப் பொதியையோ மருத்துவ உதவியையோ ஆலயத்துக்கு வருவதோடு முடிச்சுப் போட்டால், வருபவரின் மனச்சாட்சியையும் லயத்தின் சமாதானத்தையும் ஒருசேரக் கெடுத்துவிடுவீர்கள். உதவியை எல்லோருக்கும் நிபந்தனையின்றிச் செய்யுங்கள். யாராவது விசுவாசத்தைப் பற்றித் தாமாகக் கேட்டால், உண்மையாகவும் நிதானமாகவும் பேசுங்கள்.

இவற்றை இரண்டு ஆண்டுகள் செய்து பாருங்கள். அளவிடும்போது ஞாயிறு வருகையை மட்டும் எண்ணாமல், பொறுப்பெடுத்தவர்கள் எத்தனை பேர், சந்திக்கப்பட்ட வீடுகள் எத்தனை என்பதையும் குறித்து வாருங்கள். தோட்டத்தில் மக்களே மிகக் குறைந்துபோய் அதன் பிறகும் சபை தனித்து நிற்க முடியாவிட்டால், பக்கத்துத் தோட்டத்துச் சபையோடு சேர்ந்து ஆராதிப்பதைப் பற்றிப் போதகரோடும் மேலிடத்தோடும் பேசுங்கள். கல்லறைத் தோட்டத்தையும் பழைய பதிவேடுகளையும் யார் பராமரிப்பது என்பதை அந்தப் பேச்சிலேயே எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.