பெட்டி விலை வேறு, வீடு வந்து சேரும் விலை வேறு

நுகர்வோர் கேள்வி-பதில்

இந்த வாரம் வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைப் பற்றியவை. நாமே பாகம் பாகமாகப் பொருத்திச் செய்யும் பெரிய மாடல் கார் கிட்டுகள். இவ்வளவு பேர் சென்னையில் இந்தப் பித்துப் பிடித்து அலைகிறார்கள் என்பது எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

கேள்வி: என் தம்பி 1/8 அளவிலான ஒரு இத்தாலிய கார் கிட்டுக்கு எழுபதாயிரம் ரூபாய் கொடுக்கப் போகிறான். "அந்தப் பணத்துக்கு ஓடுகிற பழைய ஸ்கூட்டரே வாங்கலாமே" என்று அம்மா தினமும் சொல்கிறார். பொம்மைக்கு இவ்வளவு விலையா? அவனை ஏமாற்றுகிறார்களா? — பெரம்பூர் வாசகி

பதில்: அம்மா சொல்வது கணக்குப்படி சரி. ஆனாலும் உங்கள் தம்பியை யாரும் ஏமாற்றவில்லை.

முதலில் அளவைப் பாருங்கள். 4.8 மீட்டர் நீளமுள்ள ஒரு கார் 1/24-ல் 20 சென்டிமீட்டர், 1/12-ல் 40, 1/8-ல் 60. நீளம் மூன்று மடங்குதான் ஆகிறது. ஆனால் மேற்பரப்பு ஒன்பது மடங்காகிவிடும், கன அளவு இருபத்தேழு மடங்காகிவிடும். அதைவிடச் செலவு வைப்பது நுணுக்கம். உள்ளங்கையில் அடங்கும் காரில் இருக்கையின் தையல் தெரியாவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். சாப்பாட்டு மேஜையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிற காரில் அது தெரியாவிட்டால் கண்ணை உறுத்தும். கதவு கீல், ஸ்பிரிங், ஸ்டீயரிங் திரும்பினால் கூடவே திரும்பும் சக்கரம் என எல்லாவற்றையும் செய்தாக வேண்டும்.

பிளாஸ்டிக் பாகங்களை வார்க்க எஃகு அச்சு வெட்ட வேண்டும். ஆயிரம் பெட்டி விற்றாலும் லட்சம் பெட்டி விற்றாலும் அச்சின் செலவு மாறாது. பெரிய கிட் வாங்குகிறவர்கள் உலகம் முழுக்கவே குறைவு என்பதால், அந்தச் செலவு சில பெட்டிகளின் தலையில் மொத்தமாக விழுகிறது. கார் நிறுவனத்துக்குக் கட்டும் உரிமத் தொகை தனி. ஜப்பானின் மாடல் ஃபேக்டரி ஹிரோ போன்றவர்கள் எஃகு அச்சுக்கே போவதில்லை. வெள்ளை உலோகம், ரெசின், ரசாயனத்தால் அரித்தெடுத்த மெல்லிய உலோகத் தகடு ஆகியவற்றை வைத்தே செய்கிறார்கள். ரெசின் வார்க்கும் சிலிக்கோன் அச்சு சில டஜன் வார்ப்புகளிலேயே தேய்ந்துவிடும். அதனால் அந்தப் பெட்டிகளில் விலை இன்னும் ஏறும்.

இது புதிதாகக் கிளம்பிய மோகமும் அல்ல. ஜப்பானின் மாடல் கிட் நிறுவனமான டாமியா 1967-லேயே ஹோண்டாவின் ஃபார்முலா ஒன் காரை 1/12-ல் கொண்டுவந்தது. 1/8 என்றாலே நினைவுக்கு வரும் பெயர் போச்சர், 1952-ல் இத்தாலியின் டுரின் நகரில் தொடங்கிய நிறுவனம். அந்தப் பெயர் பிறகு பிரிட்டனின் ஹார்ன்பி கைக்குப் போய், 2013-ல் லம்போர்கினி அவென்டடோர் கிட்டோடு மறுபடி வந்தது.

தம்பியிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "ஸ்க்ரூடிரைவர் கிட்டா, பெயின்ட் கிட்டா?" புதிய போச்சரில் உலோக உடல் பாகங்கள் பெயின்ட் அடித்தே வருகின்றன, பெரும்பாலும் திருகாணி முடுக்கும் வேலைதான். மற்ற பல கிட்டுகளில் நிறம் முழுவதும் நம் தலையில். பிரைமர், பெயின்ட், கிளியர் கோட், பசை, கட்டர், சிறு இடுக்கி, உப்புத்தாள், ஏர்பிரஷ், அதற்கு ஒரு கம்ப்ரஸர் எல்லாம் வாங்க வேண்டும். 1/8 உடலைத் தூரிகையால் தீட்டினால் கோடுகோடாக நிற்கும். இந்தச் சாமான்களுக்கு ஒரு தனி பட்ஜெட் இல்லையென்றால் எழுபதாயிரம் பாதி வழியில் நின்றுவிடும்.

சென்னைக்காரர்களுக்கு இன்னொன்று. ஐப்பசி மழையில் ஒரு சிவப்பு பானெட்டுக்கு லாக்கர் பெயின்ட் அடித்தேன். ஈரம் ஊறிய காற்றில் அடித்ததால், காய்ந்து பார்க்கும்போது ரவை தூவியதுபோலப் பால் படர்ந்திருந்தது. சுரண்டி எடுத்து, தை மாதம் மறுபடி அடித்தேன். மழைக்காலத்தில் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

அவன் இதற்குமுன் ஒரு கிட்டும் செய்ததில்லை என்றால், முதலில் ஒரு 1/24 செய்து முடிக்கட்டும். அதைப் பாதியில் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டால், எழுபதாயிரமும் அங்கேதான் போகும்.

கேள்வி: ஜப்பானிலிருந்து ஒரு 1/12 கிட் வரவழைக்க நினைக்கிறேன். நண்பர், "பெட்டிமேல் 'பரிசு' என்று எழுதச் சொல், வரி வராது" என்கிறார். உண்மையா? — வேளச்சேரி வாசகர்

பதில்: அது பழைய கதை. 2019 டிசம்பரில் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் வெளியிட்ட அறிவிக்கைக்குப் பிறகு, உயிர்காக்கும் மருந்தும் ராக்கியும் தவிர வேறெதையும் 'பரிசு' என்ற பெயரில் வரியில்லாமல் தபாலிலோ கூரியரிலோ இறக்க முடியாது. முழு வரி கட்டினால் பரிசும் வரலாம், அவ்வளவுதான். பொய்யாக எழுதச் சொல்லி, சுங்கத்தில் பெட்டி மாட்டிக்கொண்டால் நண்பர் வந்து எடுத்துத் தரமாட்டார்.

இனி கணக்கு. ஸ்கேல் மாடல்களும் பொம்மைகளும் சுங்க அட்டவணையில் ஒரே தலைப்பின்கீழ், 9503-ல், வருகின்றன. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60-க்கும், 2023-ல் 70-க்கும் ஏறியது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பது நோக்கம். ஃபெராரி கட்டிக்கொண்டிருக்கும் நாற்பது வயதுக்காரர் அதில் சேர்ந்து அடிபடுகிறார்.

வரி பொருளின் விலைமேல் மட்டும் போடப்படுவதில்லை, அனுப்பும் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைமேல் போடப்படுகிறது. ஒரு கடைக்காரர் ஐம்பதாயிரம் ரூபாய் கிட்டைப் பன்னிரண்டாயிரம் கூரியர் கட்டணத்தில் இறக்குமதி செய்கிறார் என்று வையுங்கள். 62,000-க்கு 70 சதவீதம் 43,400. இறக்குமதிப் பொருளுக்குப் போடும் ஜி.எஸ்.டி.யான ஐ.ஜி.எஸ்.டி.க்கு முன்பே 1,05,400 ஆகிவிட்டது. அவருடைய லாபம் இன்னும் சேரவில்லை. உள்ளூர்க் கடை விலையைப் பார்த்து வயிறெரிகிறவர்கள் இந்தக் கூட்டலை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

நீங்கள் சொந்த உபயோகத்துக்கு ஒரே ஒரு பெட்டி வரவழைத்தால் அதற்கு 9804 என்று வேறு தலைப்பு உண்டு. அதன் விகிதம் அண்மை பட்ஜெட்டுகளில் இறங்கி வந்திருக்கிறது. ஆர்டர் போடும் நாளில் என்ன விகிதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூரியர் நிறுவனம் உங்கள் சார்பில் எந்தத் தலைப்பில் கணக்குக் காட்டப்போகிறது என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். பலர் ரசீதைப் பார்க்காமலே கட்டிவிட்டுப் பிறகு புலம்புகிறார்கள்.

கூரியர் கட்டணத்தில் ஒரு பொறியும் இருக்கிறது. லேசான பெரிய பெட்டிக்கு நிறுத்த எடையை விட்டுவிட்டு, பெட்டி அடைக்கும் இடத்துக்குக் காசு வாங்குவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பெரிய கூரியர்களின் வழக்கம். 70 × 45 × 25 பெட்டி என்றால் 15.75 கிலோ. உள்ளே இருப்பது ஐந்து கிலோவாக இருந்தாலும் அதே காசு. பெயின்டையும் ஸ்பிரேயையும் கூடவே அனுப்பச் சொல்லாதீர்கள். எரியும் பொருள் என்று விமானத் தபாலில் தடுத்துவிடுவார்கள், பெட்டி முழுவதும் நின்றுபோகும்.

கேள்வி: மாதாமாதம் சில பாகங்கள் அனுப்பி, முடிவில் 1/8 கார் கிடைக்கும் சந்தாத் திட்டம் லாபமா? — திருவான்மியூர் வாசகர்

பதில்: சுமையைப் பிரித்துத் தூக்கலாம், லாபம் கிடையாது. இந்தப் பாகங்கள் ஓர் இதழோடு சேர்ந்து வரும்; அதில் முதல் இதழ் விலை தூண்டில் புழு. நூறு இதழ், இதழுக்கு 900 ரூபாய் என்று பெருக்குங்கள், தொண்ணூறாயிரம். ஏலச்சீட்டு மாதிரி, நடுவில் கம்பெனி நின்றுவிட்டால் கையில் இருப்பது அரைக் கார்தான். பெரிய பதிப்பாளரான ஈகிள்மாஸ் 2022-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது, முடிக்காத கார்களோடு சந்தாதாரர்கள் தவித்தார்கள். மொத்தத் தொகை எவ்வளவு, கடைசி இதழ் ஏற்கெனவே வெளிவந்துவிட்டதா என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் தராதவரிடம் சேராதீர்கள்.

கேள்வி: குடும்ப நண்பரான ஒரு மாமா, 1970-களின் பிரிக்காத 1/12 கிட் ஒன்றை நாற்பதாயிரத்துக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? வேறொரு கடையில் வாங்கிய கிட்டில் ஒரு சட்டம் (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டகம்) குறைகிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லைக் காட்டுகிறார் கடைக்காரர். — மயிலாப்பூர் வாசகர்

பதில்: மாமாவின் பெட்டியை முதலில் பார்ப்போம். வெளி நெகிழித்தாள் பிரியவில்லை என்பது ஒரு சான்றும் அல்ல. அவர் சம்மதித்தால் திறந்து மூன்று இடங்களைப் பாருங்கள். டிகால் தாள், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் படத்தாள், நம் ஊர்ப் பரணில் மஞ்சளாகிப் போயிருக்கும். ஜன்னல் வெயிலில் சில நாள் ஒட்டிவைத்தால் ஓரளவு வெளுக்கும், ஆனால் விரிசல் விட்டிருந்தால் தண்ணீரில் போட்டதும் துண்டுதுண்டாகப் பிரிந்துவிடும். அடுத்தது டயர். பழைய வினைல் டயர் பிளாஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டே கிடந்தால், அதிலுள்ள எண்ணெய் கசிந்து சக்கர வளையத்தை உருக்கிவிடும். என் பெட்டி ஒன்றில் டயரை எடுத்தபோது சக்கரத்தில் பல்லி வாய் வைத்ததுபோல ஒரு பள்ளம் இருந்தது. கடைசியாக, சட்டங்களை விளக்கத்தாளில் உள்ள பாகப் படத்தோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். டிகாலும் டயரும் கெட்டிருந்தால் பாதி விலை பேசுங்கள். மாமா கோபித்துக்கொண்டால் காபி குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கடைக்காரரின் பில் வாசகம் சட்டத்தின் முன் நிற்காது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. முதலில் பெட்டியைத் திறந்த நாளும் குறையும் தெரியும்படி படம் எடுத்து, எழுத்தில் கேளுங்கள். அசையவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அதற்கும் மேல் போக வேண்டுமானால் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். ஐந்து லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

இவ்வளவு தூரம் போகும் முன், கிட் டாமியா உடையதாக இருந்தால் விளக்கத்தாளைப் பாருங்கள். தனித்தனிச் சட்டங்களுக்கு எண் போட்டு, உதிரியாகக் கேட்டு வாங்கும் பட்டியல் அங்கே இருக்கும். கடைக்காரரே அதை வரவழைத்துத் தர ஒப்புக்கொண்டால், தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.