நீலகிரியில் ஒரு சிறிய தொழிற்பயிற்சி மையம் பணமுடை இல்லாமல் நடக்க என்ன வழி?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: கோத்தகிரி பக்கம் பதிவு செய்த சங்கம். தையலும் ஹோட்டல் ஹவுஸ்கீப்பிங்கும் சொல்லித் தருகிறார்கள். அரசுத் திட்டம் ஒன்று, ஒரு கம்பெனி சமூகப் பணிக்காகத் தரும் சிஎஸ்ஆர் பணம் கொஞ்சம். அப்படியும் மார்ச் வந்தால் பயிற்சி ஆசிரியருக்குச் சம்பளப் பாக்கி. "இன்னொரு டோனர் கிடைத்தால் சரியாகிவிடுமா?" என்று கேட்டிருக்கிறார்.

ஆகாது. இப்போது உள்ளபடியே இன்னொரு டோனர் வந்தால் பாக்கி கூடத்தான் செய்யும். இதைச் சொன்னாலே "சேவை செய்கிறவர்களிடம் லாப நஷ்டம் பேசுகிறீர்களே" என்று சண்டைக்கு வருவார்கள். சம்பளம் வராமல் தையல் டீச்சர் திருப்பூருக்குப் போய்விட்டால் நஷ்டம் யாருக்கு? பாதியில் நிற்கும் பெண்களுக்கு. அதனால் கணக்கைப் பேசியே ஆகவேண்டும்.

முதலில் ஒரு பேட்சுக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று எழுதுங்கள். கீழே இருப்பது மாதிரிக் கணக்குதான், உங்கள் ஊர் வாடகையையும் சம்பளத்தையும் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். 25 பேர், தினம் 5 மணி நேரம், 60 நாள். ஆள் சேர்ப்பது, விடுமுறை எல்லாம் சேர்த்து மூன்று மாதம். ஆசிரியர் சம்பளம் மாதம் 18,000 வீதம் 54,000. வாடகை 24,000. கரண்ட், இன்டர்நெட் 9,000. துணி, நூல், ஊசி 30,000. கிராமம் கிராமமாகப் போய் ஆள் சேர்க்க 12,000. மதிப்பீட்டுத் தேர்வுக் கட்டணம் 20,000. மெஷின் ரிப்பேரும் தேய்மானமும் 12,000. பனிமூட்டத்தில் ஊசியும் பாபின் கேஸும் துரு ஏறும் ஊரில் இதைக் குறைத்துப் போடாதீர்கள். இதுவரை 1,61,000. பெரும்பாலான சங்கங்கள் இங்கேயே கோடு போட்டு நிறுத்திவிடுகின்றன. ஒருங்கிணைப்பாளர் தன் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை இந்த பேட்சுக்குக் கொடுத்தால் அவர் சம்பளத்தில் 24,000 இதில் ஏற வேண்டும். ஆடிட், கணக்கர் பங்கு 15,000. வேலைக்குப் போனவர்களைத் தொடர்ந்து பார்க்க, போன் செய்ய, சம்பளச் சீட்டு வாங்கி வர 10,000. ஆக மொத்தம் 2,10,000.

இனி வரவு. மணிக்கு ஒரு ஆளுக்கு 33 ரூபாய், தவணை 30:40:30 (தொடக்கத்தில் 30 சதவீதம், சான்றிதழ் வாங்கியதும் 40, வேலையில் இருப்பதைக் காட்டியதும் 30) என்று ஒப்பந்தம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 300 மணி நேரத்துக்கு ஆளுக்கு 9,900. 25 பேருக்கு 2,47,500 வரும், 37,500 மிச்சம் என்று காகிதத்தில் தெரியும். ஆனால் ஐந்து பேர் நடுவில் நின்று, 20 பேர் சான்றிதழ் வாங்கினால், நின்றவர்களுக்கு முதலில் தந்த பணத்தை அடுத்த தவணையில் பிடித்துக்கொள்வார்கள். மொத்தமே 1,98,000. வாடகையும் சம்பளமும் ஐந்து பேர் போனதற்காகக் குறையாது, துணியில் கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவுதான். வேலைவாய்ப்புத் தவணை முழுதும் போய்விட்டால் வரவு 1,38,600. அதாவது ஒரு பேட்சில் 71,400 ரூபாய் பள்ளம். இப்படி இரண்டு பேட்ச் நடத்தினால் அந்தப் பள்ளத்தை அடைக்க சிஎஸ்ஆர் பணத்தில் கை வைக்கிறார்கள். உங்கள் மார்ச் மாதப் பாக்கி பெரும்பாலும் இப்படித்தான் பிறந்திருக்கும்.

லாப நஷ்டத்தைத் தாண்டி ரொக்க இடைவெளி ஒன்று இருக்கிறது. மூன்று மாதத்தில் 2,10,000 செலவாகிவிடும். கையில் வந்திருப்பது முதல் தவணை 74,250 மட்டும். அதிலும் பணம் தரும் துறை எந்தப் பிரிவில் போடுகிறதோ அதைப் பொறுத்து 2 சதவீதமோ 10 சதவீதமோ டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். அது ரிட்டர்ன் போட்டுத் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். டிடிஎஸ்ஸை விட்டுவிட்டாலும் ஒரு பேட்சுக்கு 1,35,750 உங்கள் கைக்காசு நிற்கிறது, ஒரே நேரத்தில் மூன்று பேட்ச் என்றால் நாலு லட்சத்துக்கு மேல். அந்த நாலு லட்சம் எங்கிருந்து என்று நிர்வாகக் குழுவில் பதில் இல்லையென்றால் மூன்று பேட்ச் எடுக்கக் கூடாது. அதிகாரி வற்புறுத்தினாலும் ஒன்றோடு நிறுத்துங்கள். வருமான வரித்துறையில் குறைந்த விகித டிடிஎஸ்ஸுக்குச் சான்று கேட்டு விண்ணப்பிக்கலாம், ஆடிட்டரிடம் ஏப்ரலிலேயே சொல்லுங்கள்.

ஆள் நடுவில் நிற்பதைக் குறைப்பதுதான் செலவைக் குறைப்பதை விடப் பெரிய வரவு. மலையில் ஆள் நிற்பதற்குக் காரணங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்தவை. ஏப்ரல், மே சீசனில் ஹோட்டல்களும் கடைகளும் தினக்கூலிக்கு இழுக்கும். தேயிலைக் கொழுந்து அதிகம் வரும் வாரங்களில் சொந்தத் தோட்டம் வைத்திருப்பவர்கள் வர மாட்டார்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதலே தாக்கும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழையில் சாலையே மூடும். ஆகவே கோத்தகிரியில் ஒரு பேட்ச் ஜனவரியில் தொடங்கி மார்ச்சில் முடியட்டும், இன்னொன்று ஜூன் பாதியில் தொடங்கி செப்டம்பரில் முடியட்டும். திட்ட அலுவலகத்தின் நாட்காட்டி வேறு மாதிரி இருந்தால், தொடங்கும் தேதியை எழுதிக் கேட்டு மாற்றுங்கள். பெரும்பாலும் கேட்டால் தருவார்கள், கேட்பவர்தான் இல்லை. வகுப்பு நேரத்தை பஸ் நேரம் பார்த்து வையுங்கள். பத்து மணிக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடித்தால் பிள்ளைகள் பள்ளி விட்டு வருமுன் தாய்மார் வீடு சேரலாம்.

பயோமெட்ரிக் வருகைப்பதிவு இன்னொரு ஓட்டை. கொழுந்து பறிக்கும் கைகளில் ரேகை தேய்ந்திருக்கும், விரல் நுனியில் கறை ஏறியிருக்கும். கருவி ஏற்காது, வகுப்பில் உட்கார்ந்திருப்பவருக்கே ஆப்சென்ட் விழும். வருகை குறைந்தால் தேர்வு எழுத முடியாது, தேர்வு எழுதாவிட்டால் பணம் இல்லை. பேட்ச் தொடங்கும் முன்பே ஒவ்வொருவருக்கும் பத்து விரலையும் வைத்துப் பார்த்து எது ஏற்கிறது என்று பெயருக்கு நேராகக் குறித்து வையுங்கள். எதுவுமே ஏற்காதவரை ஆதார் மையத்துக்கு அனுப்பி ரேகையைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். முக அடையாளத்தை அனுமதிக்கும் திட்டமாக இருந்தால் முதல் நாளே அதைக் கேளுங்கள். சிக்னல் இல்லாத நாளில் கையெழுத்துப் பதிவேடு, தேதியிட்ட போட்டோ, அன்றைக்கே துறைக்கு ஒரு மின்னஞ்சல். மாதக் கடைசியில் விளக்கம் எழுதினால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

ஹவுஸ்கீப்பிங் பேட்சுக்கு ஒரு தனி எச்சரிக்கை. மார்ச்சில் முடித்து ஏப்ரலில் ஹோட்டலில் சேர்த்தால் எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் தீன்தயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் திட்டம் போன்றவற்றில் தொடர்ந்து மூன்று மாதம் வேலையில் இருந்ததைச் சம்பளச் சான்றோடு காட்ட வேண்டும். மே முடிந்து கூட்டம் வடிந்ததும் ஜூனில் ஹோட்டல்காரர் கூடுதல் ஆட்களை அனுப்பிவிடுவார். இரண்டு மாதம் வேலை, மூன்றாம் மாதம் சான்று இல்லை. அதனால் சீசனுக்கு மட்டும் ஆள் எடுக்கும் இடங்களில் பாதிப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஆண்டு முழுதும் ஆள் வைத்திருக்கும் மருத்துவமனை, உறைவிடப் பள்ளி விடுதி, பேக்டரி கேன்டீன் ஆகியவற்றை முன்கூட்டியே பிடியுங்கள். வங்கிக் கணக்கில் சம்பளம் போடும் முதலாளியாகவும் இருக்க வேண்டும். கையில் கொடுத்தால் சான்றுக்கு அலைய வேண்டிவரும். பாஸ்புக் நகலைச் சேர்க்கை நாளிலேயே வாங்கி வையுங்கள், வேலைக்குப் போன பிறகு போன் எடுக்க மாட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. திறன் பயிற்சித் திட்டங்களுக்கு 2015-ல் மத்திய அரசு வெளியிட்ட பொது நெறிமுறையில் வடகிழக்கு மாநிலங்கள், ஜம்மு காஷ்மீர், இமாச்சல், உத்தராகண்ட், அந்தமான், லட்சத்தீவு, நக்சல் பாதிப்புள்ள மாவட்டங்கள் ஆகியவற்றுக்கு அடிப்படைச் செலவில் 10 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தார்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது இல்லை. இந்த மாவட்டத்தின் மஞ்சூரிலோ தேவாலாவிலோ ஒரு சென்டர் நடத்த என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் யாரும் அந்த மேஜையில் இல்லை போலும். ஆய்வுக்கு வருகிறவர்கள் மழை மாதத்தில் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதமாகப் பார்த்து, குடும்பத்தோடு வந்து, அரை மணி நேரம் பதிவேட்டைப் புரட்டிவிட்டுப் போனால் எங்கள் கஷ்டம் எப்படித் தெரியும்? அந்த வாரத்தில் அவர்களுக்கு அறை பிடித்துக் கொடுப்பதும் சங்கத்தின் தலையில்தான் விழுகிறது.

சரி, பணத்துக்கு வருவோம். ஒவ்வொரு திட்டத்துக்கும் கணக்குப் புத்தகம் தனியாக, முடிந்தால் வங்கிக் கணக்கும் தனியாக. ஒரு திட்டத்தின் பணத்தை இன்னொன்றின் சம்பளத்துக்கு "கைமாற்றாக" எடுக்காதீர்கள்; பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போடும்போது ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார், அடுத்த தவணை நிற்கும். வெளிநாட்டு நிதி இருந்தால் இது இன்னும் கடுமை. உள்ளூர்ப் பணமும் அதுவும் ஒரே கணக்கில் கலக்கக் கூடாது, வேறு சங்கத்துக்குக் கைமாற்றிக் கொடுக்கவும் வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு வழியில்லை, நிர்வாகச் செலவுக்கு உச்சவரம்பு 20 சதவீதம்.

சிஎஸ்ஆர் கம்பெனியிடம் பேசும்போது "நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான் சட்டம்" என்பார்கள். அந்த 5 சதவீதம் கம்பெனி தன் சொந்த சிஎஸ்ஆர் நிர்வாகத்துக்குச் செலவழிப்பதற்கான வரம்பு. உங்கள் ஒருங்கிணைப்பாளர் சம்பளமும் வாடகையும் திட்டத்தை நடத்தும் செலவு. பட்ஜெட்டில் "நிர்வாகம்" என்று ஒரே வரியில் போடாமல், "பயிற்சி ஒருங்கிணைப்பு", "பயிற்சிக் கூடம்", "வேலைக்குப் பின் தொடர்பு" என்று என்ன வேலையோ அதன் பெயரில் போடுங்கள். இதை ஏமாற்று என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஆள் இல்லாமல் பயிற்சி நடக்காது.

கையிருப்பு சேர்ப்பதற்குச் சட்டம் தடை என்று பல சங்கங்கள் நம்புகின்றன. வரி விலக்குப் பதிவு உள்ள சங்கம் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும், மீதி 15 சதவீதத்தை நிபந்தனை இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். திட்டப் பணத்தில் மிச்சம் பிடிப்பது வேறு, அதைத் திருப்பிக் கேட்பார்கள். நன்கொடை, வட்டி, முதலாளிகள் தரும் சேவைக் கட்டணம் போன்ற உங்கள் சொந்த வரவிலிருந்துதான் சேர்க்க முடியும். மாதச் சம்பளமும் வாடகையும் 90,000 என்றால் மூன்று மாதத்துக்கு 2,70,000 இலக்கு. வங்கி டெபாசிட்டில் போட்டு, "தவணை தாமதமானால் மட்டும் எடுக்கலாம், தவணை வந்த வாரமே திருப்பி வைக்க வேண்டும்" என்று குழுவில் தீர்மானம் போடுங்கள். தீர்மானம் இல்லாவிட்டால் முதல் வருடமே கம்ப்யூட்டர் வாங்கிவிடுவார்கள்.

சொந்த வரவுக்கு அரசுத் திட்ட பேட்சில் பயிற்சி பெறுபவரிடம் காசு வாங்கப் போகாதீர்கள், அங்கீகாரமே போகும். ஆள் எடுக்கும் ஹோட்டலிடம் கேளுங்கள். ஆள் தேடி, சொல்லிக் கொடுத்து, மாற்று ஆளும் தருகிறீர்கள் என்றால் ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று தர அவர்களுக்குத் தயக்கம் இருக்காது. தையலில் துணிப்பை நல்ல வழி. பிளாஸ்டிக் பைக்குத் தடை உள்ள மாவட்டம், கடைக்காரருக்குத் தேவை நிற்காது. ஆனால் விலை போடும்போது துணி, கைப்பிடி, தையல் கூலி, கழிவு, இட வாடகை எல்லாம் சேருங்கள். 43 ரூபாய் அடக்கமுள்ள பையை 45-க்கு விற்றால் ஒரு ஆர்டர் திரும்பி வந்தாலே போச்சு. இந்த வியாபாரத்துக்குத் தனிக் கணக்குப் புத்தகம் கட்டாயம், வரி விலக்கு அதைப் பொறுத்தது. கட்டண வகுப்பு நடத்தினால், வரி விலக்குப் பதிவு இருப்பதாலேயே ஜிஎஸ்டி கிடையாது என்று எண்ண வேண்டாம். 20 லட்சம் வரவை நெருங்கும்போது ஆடிட்டரைக் கேளுங்கள்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் அடுத்த 13 வாரத்துக்கு வரவும் செலவும் ஒரு தாளில். வரவுத் தேதிக்கு அதிகாரி சொன்ன தேதியோடு 60 நாள் கூட்டி எழுதுங்கள். எந்த வாரத்தில் மீதி மைனஸ் ஆகிறதோ, அதற்கு எட்டு வாரம் முன்பே அடுத்த பேட்சைத் தள்ளிப்போடலாமா என்று முடிவெடுக்கலாம். பொருளாளர் மட்டும் பார்த்தால் போதாது, பயிற்சி ஆசிரியருக்கும் காட்டுங்கள். சம்பளம் எப்போது வரும் என்று தெரிந்தால் ஆள் விட்டுப் போக மாட்டார்.

கடைசியாக இரண்டு காகித வேலை. வருமான வரி விலக்குப் பதிவும், நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை தரும் பதிவும் காலாவதி ஆவதற்கு ஆறு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். இரண்டில் ஒன்று போனாலும் சிஎஸ்ஆர் பணம் வாங்க முடியாது. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறியிருப்பதால் பழைய படிவத்தை அப்படியே நகல் எடுக்காதீர்கள். அடுத்து, பொதுக்குழுவில் நிர்வாகிகள் மாறினால் பதிவாளர் அலுவலகத்தில் உடனே தாக்கல் செய்து, அந்த நகலோடு வங்கியில் கையெழுத்தை மாற்றுங்கள். தவணைப் பணம் கணக்கில் கிடக்க, செக்கில் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் சம்பளம் நிற்கும் சங்கங்கள் இந்த மலையில் உண்டு.