குடியை நிறுத்திய பிறகு: உடம்பு, தூக்கம், வீட்டு மரியாதை பற்றிய கேள்வி பதில்

குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்ட கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். யாருக்கு எந்த மாத்திரை, எத்தனை மில்லி கிராம் என்பதை ஆளைப் பார்க்காமல் சொல்ல முடியாது. அதை மட்டும் கேட்காதீர்கள்.

அக்கா, கார்த்திகை ஒண்ணாம் தேதி மாலை போடறேன். தினமும் ஒரு ஆஃப் பிராந்தி ஓடுது. அன்னிக்கே நிறுத்திடலாம்னு இருக்கேன். போன வருஷம் ரெண்டாம் நாள் கை ரொம்ப நடுங்குச்சு. (லாரி ஓட்டுநர், நாமக்கல்)

மாலை போடுங்கள் தம்பி, ஆனால் ஒரு வாரம் முன்னாடியே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போய்விட்டு வந்து போடுங்கள். தினமும் 375 மில்லி உள்ளே போய்ப் பழகிய மூளைக்குத் திடீரென்று அது நின்றால் தாங்காது. கடைசியாகக் குடித்த 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரைதான் பெரிய கண்டம்: காய்ச்சல், உளறல், இல்லாத ஆள் தெரிவது, உடம்பில் பூச்சி ஊர்வது. வீட்டில் 'சாமி வந்திருக்கு', 'காத்து கருப்பு' என்று விட்டுவிடுகிறார்கள். அது உயிர் போகக்கூடிய நிலை. நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதுமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் நடுக்கம் கூடும் வாய்ப்பு உண்டு. போன வருடம் கைநடுக்கத்தோடு போனது இந்த வருடமும் அப்படியே போகும் என்று எண்ண வேண்டாம்.

மருத்துவர் சில நாட்களுக்கு மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார். அது தூக்கம் வரவைக்கும் மாத்திரை. அந்த நாட்களில் வண்டி எடுக்கவே கூடாது. வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். பக்கத்து கிளினிக்கில் 'தெம்புக்கு' குளுக்கோஸ் ஏற்றச் சொன்னால், முதலில் பி1 போடச் சொல்லிக் கேளுங்கள். பி1 வற்றிப்போன உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மூளை பாதிக்கும்: தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு, குழப்பம்.

இன்னொன்று. '48 நாள் இருந்து காட்டறேன், நான் அடிமை இல்ல' என்பது நிறையப் பேர் சொல்வது. மாலை கழற்றுகிற நாளுக்கும் மறுநாளுக்கும் என்ன ஏற்பாடு என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். விரதத்தில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய ஆஃப் அளவை அன்றைக்கே அடித்தால் நினைவு தப்பி, வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடலாம்.

மெடிக்கல்ல தெரியாம குடுக்கற மாத்திரை இருக்காமே. அவருக்குக் குழம்புல கலந்து குடுக்கலாமா அக்கா? (விழுப்புரம்)

கூடாது தங்கச்சி. அது டைசல்ஃபிராம். சாராயம் உடைந்து உண்டாகும் விஷப்பொருளை உடம்பு வெளியேற்ற விடாது. அதற்கு மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். இதயக் கோளாறு இருந்தால் ஆளே போய்விடலாம். கொடுப்பதை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து இருக்கும். அவருக்கே தெரியாததால் எதை விட்டு விலக வேண்டும் என்றும் தெரியாது. இருமல் சிரப்பில்கூட சாராயம் இருக்கலாம்.

இதே மாத்திரையை மருத்துவர் பரிசோதித்து, அவரே சம்மதித்து, தினமும் காலையில் உங்கள் முன்னால் விழுங்கினால் நல்ல பலன் தரும்.

நிறுத்தி மூணு வாரம். எடை 46 கிலோ. சோறு இறங்கல, இனிப்பு மட்டும் கேக்குது. ஈரல் கெட்டவங்க முட்டை, பருப்பு சாப்பிடக் கூடாதுன்னு சொல்றாங்க. புரோட்டீன் பவுடர் வாங்கலாமா?

அது பழைய பத்தியம். ஈரல் தேறப் புரதம்தான் வேண்டும். கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் என்று வைத்தால் உங்களுக்கு 55 முதல் 70 கிராம். இரண்டு முட்டை 12, இரண்டு டம்ளர் பால் 13, ஒரு பிடி வேர்க்கடலை (30 கிராம்) 7, 50 கிராம் பருப்பு 11, 50 கிராம் (ஊறவைக்கும் முன்) கொண்டைக்கடலையில் செய்த சுண்டல் 10. மீதி இட்லி, சோற்றிலேயே வந்துவிடும். பவுடர் டப்பா விலைக்கு ஒரு மாத முட்டை வாங்கலாம்.

மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிட முயலாமல் ஆறு வேளையாகப் பிரியுங்கள். ராத்திரி படுக்கும் முன் இரண்டு இட்லியோ, பாலும் பழமுமோ கட்டாயம். ஈரலில் சர்க்கரைச் சேமிப்பு குறைவாக இருப்பவர்களுக்கு விடிவதற்குள் உடம்பு தசையைக் கரைத்துச் சக்தி எடுக்கும். தசை ஏறாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசியில் பி1 அதிகம். வடித்த கஞ்சியோடு அதுவும் போய்விடும், கொட்டாதீர்கள்.

எச்சரிக்கை: வாரக்கணக்கில் சாப்பிடாமலே குடித்தவர்களுக்கு முதல் நாளே விருந்து வைக்கக் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து மூச்சுத் திணறும், இதயத் துடிப்பு தடுமாறும். பாதி அளவில் தொடங்கி நான்கைந்து நாளில் கூட்ட வேண்டும். அதையும் மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள்.

இனிப்பு ஆசை பலருக்கும் வருவதுதான், சில மாதங்களில் அடங்கும். சர்க்கரை அளவை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கண் மஞ்சள், வயிறு உப்பல், கறுப்பு மலம், ரத்த வாந்தி இதில் எது வந்தாலும் கீழாநெல்லி அரைத்துக்கொண்டு உட்காராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

உள்ளங்கால் எரியுது. நடைப்பயிற்சி போகலாமா?

நரம்பு தளர்ந்திருக்கிறது. சமதரையில், மூடிய செருப்போடு 10 நிமிடம் நடங்கள். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். ராத்திரி பாதத்தைக் கண்ணால் பாருங்கள், காயம் பட்டாலும் தெரியாது.

ரெண்டு மாசமாத் தூக்கமே வரல. நண்பர் ஒரு மாத்திரை தந்தார்.

வேண்டாம். பெரும்பாலான தூக்க மாத்திரைகள் சாராயம் வேலை செய்யும் அதே இடத்தில்தான் வேலை செய்யும். ஒன்றை விட்டு இன்னொன்றில் மாட்டுவீர்கள். எப்போது தூங்கினாலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். பகல் தூக்கமும் மதியத்துக்கு மேல் டீ, காபியும் கூடாது. தூக்கம் திரும்பச் சில மாதங்கள்கூட ஆகலாம்.

ஏழு மாசமாத் தொடல. இன்னும் வீட்டுக்குள்ள நுழைஞ்சா வாயை ஊதுன்னு சொல்றா. பீரோ சாவியை ஒளிச்சு வெக்கறா. எதுக்கு இருக்கணும்னு தோணுது. (கோவை)

முதலில் நேராகக் கேட்கிறேன்: செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா? எப்படி என்று யோசித்தீர்களா? ஆம் என்றால் மேலே படிக்காமல் 14416க்குப் பேசுங்கள். டெலி மானஸ், இலவசம், தமிழிலும் பேசலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். வீட்டில் யாரிடமாவது இன்றே சொல்லுங்கள். பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

அடுத்து வாயை ஊதும் விஷயம். 'என்னை நம்பு' என்று கேட்டு வருவதல்ல நம்பிக்கை. பெரிய சத்தியங்களை நிறுத்துங்கள், கோயில் கயிறும் வேண்டாம். அளக்க முடிகிற சின்ன வாக்குகளாக வையுங்கள்: 'ஏழரைக்கு வீட்டில் இருப்பேன்', 'சனிக்கிழமை கேஸ் புக் பண்ணுவேன்'. ஒரு நாளைக்கு இரண்டு போதும். பத்து நிமிடம் தாமதமானால் தாமதமாகும் முன்பே போன் போக வேண்டும்.

சம்பளத்தை வீட்டுக் கணக்குக்கே போகவிட்டு, டீ, பஸ் செலவை மட்டும் தினமும் வாங்கிக்கொள்ளுங்கள். அவமானமாகத்தான் இருக்கும். ஆனால் கையில் காசில்லாத சம்பள நாள் உங்களுக்கும் பாதுகாப்பு. கடன்களை ஒரு நோட்டில் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, மாதம் எவ்வளவு தரமுடியும். முதலில் சின்னக் கடனை முடியுங்கள். ஒளிந்து போன தெருவில் நேராக நடக்க முடியும்.

மனைவிக்கு: வாயை ஊதச் சொல்வதற்குப் பதிலாக வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில், 20 நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். பழைய கணக்கை அப்போது மட்டும் எடுங்கள். குடிப்பவர்களின் குடும்பத்துக்கென்று அல்-அனான் கூட்டங்கள் உண்டு. கட்டணம் இல்லை.

நிறுத்தி எட்டு மாசம். எங்க ஆட்டோ ஸ்டாண்டுல நாலு பேரைத் திருத்தணும்னு ஆசை.

திருத்த வேண்டாம், கூட இருங்கள். ஒரு வருடம் முடியட்டும், அதுவரை உங்களோடு மருத்துவமனைக்கு ஒருவரை அழைத்துப் போவது போதும். பிறகு தொடங்கினால்:

ஒரு நேரத்தில் ஒருவர், அல்லது இருவர். பேச்சில் முக்கால்வாசி அவருடையதாக இருக்கட்டும். 'நிறுத்தணும்ங்கற எண்ணம் பத்துக்கு எவ்வளவு இருக்கு?' என்று கேளுங்கள். மூன்று என்பார். 'ஏன் ஒண்ணு இல்ல, மூணு?' என்று கேளுங்கள். மகள் கல்யாணம், ஈரல் ரிப்போர்ட் என்று காரணத்தை அவர் வாயே சொல்லும். 'ஏன் பத்து இல்ல?' என்று கேட்டால் சாக்குகள்தான் வரும்.

ஆசை கிளம்பினால் பெரும்பாலும் கால் மணியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும் என்று சொல்லிக்கொடுங்கள். அந்த நேரத்துக்குச் செய்ய ஒரு வேலை, கூப்பிட ஒரு எண், வயிற்றுக்கு ஏதாவது. பசி, கோபம், தனிமை, அசதி இந்த நான்கில் எது இருக்கிறது என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். பாதி நேரம் பசிதான்.

செய்யக் கூடாதவை: கடன் கொடுப்பது, மாத்திரை சொல்வது, 'நாளைக்கே நிறுத்து' என்பது (முதல் பதிலைப் படியுங்கள்), அவரை மீட்க டாஸ்மாக் வாசலுக்குத் தனியாகப் போவது. அவர் மறுபடி குடித்தால் அது உங்கள் தோல்வி என்று எடுத்துக்கொண்டால் அடுத்து நீங்கள்தான். இரவு பத்துக்கு மேல் பேசுவதில்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள். தற்கொலைப் பேச்சு மட்டும் அதற்கு விலக்கு. உங்கள் ஏ.ஏ. கூட்டத்தை (குடியை விட்டவர்கள் ஒன்றுகூடிப் பேசும் கூட்டம்) அவருக்காகத் தவறவிடாதீர்கள்.

தனியார் மறுவாழ்வு மையத்துல கட்டி வெச்சு சரி பண்ணுவாங்களாமே?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சங்கிலியால் கட்டுவது குற்றம். பதிவுச் சான்றிதழ், வந்து பார்க்கும் மனநல மருத்துவர், வீட்டாரோடு பேச அனுமதி இந்த மூன்றையும் பாருங்கள். ஒன்று இல்லாவிட்டாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

ஆல்கஹால் இல்லாத பீர் குடிக்கலாமா?

முதல் வருடம் வேண்டாம். அந்த வாசனையும் கிளாஸும் போதும் ஆசையைக் கிளப்ப. சில புட்டிகளில் 0.5 சதவீதம் வரை சாராயமும் இருக்கும். டைசல்ஃபிராம் எடுப்பவர்கள் தொடவே கூடாது.