மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட அக்கா, நிதி திரட்ட ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலை ஏற விரும்புகிறார். அனுப்பலாமா?

சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது, டாக்டரும் "இனி சாதாரணமாக இருக்கலாம்" என்று சொல்லிவிட்டார், வீட்டில் அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் கீமோ, ஆபரேஷன், ரேடியேஷன் மூன்றையும் கடந்தவள். அதற்குப் பிறகு கிளிமஞ்சாரோ ஏறியிருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: அக்காவுக்கு எவ்வளவு மன உறுதி இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். மன உறுதி இல்லாமல் கீமோவைத் தாண்டியிருக்க முடியாது, அது அவரிடம் நிறையவே இருக்கும். அவர் உடம்பில் என்னென்ன மருந்து ஏறியது என்ற பட்டியலைக் கையில் எடுங்கள்.

சிவப்பு நிறத்தில் ஏற்றுவார்களே, அந்த டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து கொடுத்திருந்தால் இதயத்தைப் பார்க்க வேண்டும். அது இதயத் தசையைப் பலவீனமாக்கக்கூடிய மருந்து. மொத்த அளவு கூடக் கூட அபாயமும் கூடும், பாதிப்பு வருடங்கள் கழித்தும் தெரியவரலாம். ஹெர்செப்டின் என்ற இன்னொரு மார்பகப் புற்றுநோய் மருந்து போட்டிருந்தாலும் இதே கவனம் வேண்டும். இதயத்தின் ஸ்கேனான எக்கோ எடுத்து, "5,895 மீட்டர் ஏறப் போகிறேன், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான்" என்று டாக்டரிடம் இதே வார்த்தைகளில் சொல்லச் சொல்லுங்கள். "டூர் போகிறேன்" என்று சொன்னால் வேறு பதில்தான் கிடைக்கும்.

பக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து எடுத்தவர்களுக்குப் பாதம் மரத்துப்போவது உண்டு. எனக்கு இன்னும் விரல் நுனிகளில் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. ஷூவுக்குள் கொப்புளம் வந்தாலும் தெரியாது. அதனால் ஒவ்வொரு முகாமிலும் சாக்ஸைக் கழற்றி, டார்ச் அடித்து, இரண்டு பாதத்தையும் பார்த்த பிறகுதான் சாப்பாடு. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்திருந்தால் கை வீங்க வாய்ப்பு உண்டு. பையின் பட்டை அந்தத் தோளை அழுத்தக் கூடாது, இடுப்புப் பட்டைதான் எடையைத் தாங்க வேண்டும். அந்தக் கையில் ஒரு சின்னக் கீறல்கூட விடக் கூடாது என்பதால் கையுறை கட்டாயம். வீக்கத்துக்குப் போடும் அழுத்த உறை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை எடுக்கிறார் என்றால் ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறையும் அபாயம் பற்றிக் கேளுங்கள். நீண்ட விமானப் பயணம், உடலில் நீர் குறைவது, உயரம் மூன்றும் ஒரே வாரத்தில் சேரப் போகின்றன.

மலையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, வழக்கமான பாதைகளில் கயிறு பிடித்து ஏறும் வேலை இல்லை. அவற்றில் ஒன்றான மச்சாமே வழியில் போவதாக இருந்தால் ஆறு நாள் திட்டத்தை விட்டுவிட்டு ஏழு நாள் திட்டத்தை எடுங்கள். அந்த வழியில் லாவா டவர் என்ற பாறை வரை சுமார் 4,600 மீட்டர் ஏறி, தூங்குவதற்கு 4,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே பராங்கோ முகாமுக்கு இறங்கிவிடுவார்கள். உடம்பு பழகுவது இப்படித்தான். எல்லோரும் பயப்படுவது நள்ளிரவில் தொடங்கும் கடைசி ஏற்றத்துக்கு. என்னைக் கேட்டால் அதன்பின் வரும் இறக்கம்தான் கொடுமை. உச்சியிலிருந்து அன்றே ம்வேகா முகாம் வரை கிட்டத்தட்ட 2,800 மீட்டர் இறங்க வேண்டும். லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரைகளால் எலும்பு மெலிந்து, மூட்டு வலியோடு இருப்பவர்களுக்கு அது சாதாரண விஷயமல்ல. திருமலையின் அலிபிரி படிக்கட்டு நல்ல பயிற்சி, ஆனால் ஏறிவிட்டு பஸ்ஸில் திரும்பாமல் இறங்கியும் பழகட்டும். தென்னிந்தியாவின் மிக உயரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். உயரம் அக்காவின் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அறிய முதலில் இமயமலைப் பக்கம் கேதார்காந்தா மாதிரி 3,800 மீட்டர் அளவில் ஒரு மலையேற்றம் போய்வரட்டும்.

இனி நிதி. நீங்கள் கேட்காத இதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. நன்கொடை கொடுத்தவர்களின் முகம் மனதில் இருக்கும்போது தலைவலியையும் வாந்தியையும் வழிகாட்டியிடம் மறைக்கத் தோன்றும். உயரத்துக்கு உடம்பு பழகாததால் வரும் உயர நோயின் அறிகுறிகள் இவை, இந்த மறைப்பு ஆளையே கொல்லக்கூடும். மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொண்டால் உடனே கீழே இறக்குவதுதான் முதல் வைத்தியம், தாமதித்த ஒவ்வொரு மணி நேரமும் எதிராகத் திரும்பும். அதனால் நன்கொடை கேட்கும் அறிவிப்பிலேயே "உச்சியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் இந்தப் பணம் நோயாளிகளுக்குப் போகும்" என்று எழுதிவிடச் சொல்லுங்கள். 1995-இல் அமெரிக்காவின் லாரா எவன்ஸ், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 17 பெண்களை அர்ஜென்டினாவின் அகோன்காகுவா மலைக்கு அழைத்துப் போனார். எல்லோரையும் உச்சிக்குத் துரத்தவில்லை. ஒரு குழு உச்சியை நோக்கியும், இன்னொரு குழு அடிவாரப் பாதைகளில் நடைப்பயணமாகவும் போனது. ஆராய்ச்சிக்கு நிதியும் சேர்ந்தது. நான் பின்பற்றச் சொல்வது அந்த முறையைத்தான்.

பயணச் செலவை அக்கா சொந்தக் காசில் போட வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்கள் சிலவற்றில், திரட்டும் தொகையிலிருந்தே ஒரு பகுதி பயணத்துக்குப் போகும். அதில் தவறு இல்லை, ஆனால் கொடுப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நான் மீட்டருக்கு ஒரு ரூபாய் என்று ஆளுக்கு 5,895 ரூபாயாகக் கேட்டேன். எதற்கு என்பதையும் குறிப்பாகச் சொன்னேன்: ரேடியேஷனுக்கு வரும் வெளியூர்ப் பெண்கள் தங்கும் செலவுக்கு. வாரத்தில் ஐந்து நாள், பல வாரம் தொடர்ந்து வர வேண்டிய சிகிச்சை அது. சிகிச்சை இலவசமாகக் கிடைத்தாலும் அறை வாடகை, சாப்பாடு, கூடவே வரும் கணவரின் தினக்கூலி இழப்பு என்று குடும்பம் ஒடிந்துவிடும், பாதியில் நிறுத்திவிட்டு ஊர் திரும்புபவர்களும் உண்டு. நான் சிகிச்சையில் இருந்தபோது பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களின் பேச்சு முழுக்க இதுதான். "புற்றுநோய் விழிப்புணர்வுக்கு" என்று பொதுவாகக் கேட்பதைவிட இப்படிக் கேட்டால் மக்கள் மனம் திறந்து கொடுக்கிறார்கள்.

அங்கே நம் சுமையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்க் கூடாரம் போடும் தான்சானியத் தொழிலாளர்களையும் மறக்க வேண்டாம். ஆளுக்கு 20 கிலோதான் வரம்பு. மிக மலிவான கட்டணம் சொல்லும் நிறுவனங்கள் அவர்கள் கூலியில்தான் கைவைக்கின்றன. தர்மத்துக்காகப் போகும் பயணத்தில் அது நடக்கக் கூடாது.

அம்மாவிடம் வாதாடாதீர்கள். எக்கோ ரிப்போர்ட்டோடு டாக்டர் உட்கார்ந்து பேசும்போது அவரையும் அழைத்துப் போங்கள். ஆக்சிமீட்டரில் எந்த அளவுக்குக் கீழே போனால், என்ன அறிகுறி வந்தால் இறங்குவது என்று அக்காவும் வழிகாட்டியும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளட்டும். அதில் ஒரு பிரதி அம்மாவிடம் இருக்கட்டும்.